மூன்று அணா, பதினைந்து அணா: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: விலைவாசி, விலைவாசி என்று எதிர்க்கட்சிக்காரர்கள் கத்துகிறார்கள், கோஷம் போடுகிறார்கள், வெளியே போய்விடுகிறார்கள். இதனால் எங்கள் வீட்டு உலையில் ஒரு பிடி அரிசியாவது கூடியிருக்கிறதா அம்மா?
*ஒரு வாசகி, மன்னார்குடி*

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது தாயே. முப்பது வருஷம் கூட்டுறவு ரேஷன் கடையில் பில் போட்டவள் நான். மாதக் கடைசியில் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "பருப்பு வேண்டாம்மா, சர்க்கரை மட்டும் போடு" என்று தலையைக் குனிந்து சொல்கிற பெண்களின் முகம் இன்னும் என் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. ஆனாலும் உங்கள் கேள்விக்கு "இல்லை" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட மனம் வரவில்லை. கத்துவது வேறு, கணக்குக் கேட்பது வேறு. அப்படிக் கணக்குக் கேட்ட ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

1963ஆம் வருஷம். நேரு பிரதமராகிப் பதினாறு வருஷம் ஆகியிருந்தது. சோஷலிஸ்ட் தலைவர் ராம் மனோகர் லோகியா முந்தின வருஷம்தான் பூல்பூரில் நேருவையே எதிர்த்து நின்று தோற்றிருந்தார். 1963இல் ஃபரூக்காபாத் இடைத்தேர்தலில் ஜெயித்து முதல் தடவையாக மக்களவைக்குள் வந்தார். அந்த ஆகஸ்டில் எதிர்க்கட்சி உறுப்பினர் ஆச்சார்ய கிருபளானி நேரு அரசின் மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார். சுதந்திர இந்தியாவில் அதுதான் முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானம். அது ஜெயிக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். தீர்மானத்துக்கு ஆதரவாக 62, எதிராக 347.

ஆனால் அந்த விவாதத்தில் லோகியா எழுந்து ஒரு கணக்கை வைத்தார். இந்த நாட்டில் நூற்றுக்கு அறுபது பேர், அதாவது 27 கோடி ஜனங்கள், ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று அணாவில் (ரூபாய்க்குப் பதினாறு அணா) காலம் தள்ளுகிறார்கள். பிரதமருக்காகவோ ஒரு நாளைக்கு 25,000 ரூபாய் செலவாகிறது என்றார். நேரு மறுத்தார். திட்டக் கமிஷன் கணக்குப்படி ஒருவரின் சராசரி வருமானம் நாளுக்குப் பதினைந்து அணா என்றார். லோகியா விடவில்லை. நான் கேட்டது அடிமட்டத்தில் இருக்கிற அறுபது சதவீதத்தின் கணக்கு, நீங்கள் சொல்வது பணக்காரனையும் சேர்த்துக் கூட்டி வகுத்த கணக்கு என்றார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள், வித்தை எல்லாம் இங்கேதான் இருக்கிறது. உங்கள் தெருவில் பத்து வீடு என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது வீட்டில் பூக்கட்டுகிறவர்கள், வீட்டுக்கு நாள் வரும்படி நூறு ரூபாய். பத்தாவது வீட்டில் இரண்டாயிரம். மொத்தத்தையும் கூட்டிப் பத்தால் வகுத்தால் வீட்டுக்கு 290 ரூபாய் வருகிறது. காகிதத்தில் எல்லோரும் சௌகரியம். ஒன்பது வீட்டு அடுப்புக்கு மட்டும் அந்த 290 வந்து சேரவேயில்லை.

இதற்குப் பிறகுதான் விஷயம் சூடு பிடித்தது. அப்போது திட்ட அமைச்சராக இருந்த குல்சாரிலால் நந்தா, அந்த அறுபது சதவீதத்துக்கு ஏழரை அணா வருகிறது என்று சொன்னார். பதினைந்து அணா பாதியாக இறங்கிவிட்டது. இறங்கியது வெளிநடப்பாலும் அல்ல, கல்லெறிதலாலும் அல்ல. "எந்த ஜனத்தின் கணக்கு?" என்று ஒருவர் விடாமல் கேட்டதால் இறங்கியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதற்கு முந்தின வருஷம், 1962இல், அரசே நியமித்த நிபுணர் குழு ஒருவர் உயிரோடு ஒழுங்காக வாழக் குறைந்தது மாதம் 20 ரூபாய் வேண்டும், நகரத்தில் 25 என்று சொல்லியிருந்தது. முப்பதால் வகுத்துப் பாருங்கள். 20 ரூபாய் என்றால் நாளுக்குப் பத்தரை அணாவுக்குக் கொஞ்சம் மேல். ஆக, அமைச்சர் சொன்ன ஏழரை அணாவையே உண்மை என்று எடுத்துக்கொண்டாலும், அறுபது சதவீத ஜனங்களுக்குச் சராசரியாகக் கிடைத்தது அரசின் குழுவே சொன்ன குறைந்தபட்சத்துக்கும் கீழே.

அந்த வருஷம் எனக்கு ஒன்பது வயது. பாபநாசத்துப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் அப்பா மூட்டை தூக்கினார். வீட்டில் ஆறு பேர். ரூபாயை நூறாகப் பிரித்த நயா பைசா வந்து ஆறு வருஷம் ஆகியும் அம்மாவின் கணக்கு நோட்டு அணாவில்தான் ஓடியது. "எண்ணெய் ஓரணா" என்று தினம் ஒரு வரி இருக்கும். புட்டியோடு வாங்குகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. சின்னப் பித்தளைக் கிண்ணத்தைக் கொடுத்து என்னை அனுப்புவாள். செட்டியார் கடையில் கரண்டியைக் கவிழ்த்த பிறகும், அதில் ஒட்டியிருக்கிற கடைசிச் சொட்டு விழும்வரை கிண்ணத்தை நகர்த்தக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. அந்தச் சொட்டுக்காக நான் காத்து நின்றிருக்கிறேன். மூன்று அணா என்ற பேச்சைப் பின்னாளில் படித்தபோது எனக்கு அந்தக் கரண்டிதான் ஞாபகம் வந்தது. எங்களைப் போன்ற வீட்டைப் பற்றி டில்லியில் ஒருவர் எழுந்து நின்று பேசியிருக்கிறார் என்று தெரிந்தபோது, எனக்கு முப்பது வயது தாண்டியிருந்தும், அழுதுவிட்டேன்.

உலையில் ஒரு பிடி கூடியதா என்று கேட்டீர்கள். அன்றைக்கே கூடவில்லை. ஆனால் பதினைந்து அணா என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட முடியாமல் போயிற்று. அரிசிக்கு வழி பிறப்பது அதற்குப் பிறகுதான்.

கேள்வி: தமிழ்நாட்டுக்காரரான நீங்கள் லோகியாவைப் புகழலாமா? ஆங்கிலத்தை விரட்டு என்று இயக்கம் நடத்தியவர் அல்லவா அவர்? அந்த மூன்று அணாக் கணக்காவது சரிதானா?
*ஒரு வாசகர், காரைக்குடி*

அவருடைய மொழிக் கொள்கையை நான் ஒருநாளும் ஏற்றதில்லை. 1965இல் இந்தித் திணிப்பை எதிர்த்து எங்கள் ஊர்ப் பையன்கள் பள்ளிக்கூடத்தைவிட்டு ஊர்வலம் போனதைப் பார்த்தவள் நான். என் மனசு அவர்கள் பக்கம்தான் இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஒருவர் ஒரு விஷயத்தில் தவறினார் என்பதற்காக இன்னொன்றில் அவர் கேட்ட நியாயமான கேள்வியை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

கணக்கைப் பொறுத்தவரை, மூன்று அணா என்பதை நான் அப்படியே தூக்கிப் பிடிக்க மாட்டேன். குறைத்துத்தான் சொல்லியிருக்கிறார் என்று நினைக்கிறேன். எதிர்க்கட்சிக்காரர் சொல்கிற எண்ணையும் உரசித்தான் பார்க்க வேண்டும். ஆனால் சரியான எண்ணைக் கொடுக்க வேண்டிய கடமை கஜானாவும் அதிகாரிகளும் கையில் இருக்கிறவர்களுடையது. அமைச்சரின் ஏழரை அணாவையே சரி என்று வைத்தால், கேட்டவர் நாலரை அணா தவறினார், சரி. சொன்னவர் ஏழரை அணா தவறினார். எனக்கு இரண்டாவதுதான் பெரிய குற்றம்.

கேள்வி: பணவீக்கம் குறைந்துவிட்டது என்று செய்தியில் சொல்கிறார்கள். மளிகைக்கடைச் சீட்டு மட்டும் குறையவே இல்லை. யார் பொய் சொல்கிறார்கள்?
*ஓர் இல்லத்தரசி, நாமக்கல்*

சீட்டும் பொய் இல்லை மகளே, செய்தியும் பொய் இல்லை. வார்த்தைதான் ஏமாற்றுகிறது. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஒரு சாமான் 100 ரூபாய் என்று வைத்துக்கொள். போன வருஷம் 120 ஆனது, அதாவது ஏற்றம் 20 சதவீதம். இந்த வருஷம் 126, ஏற்றம் 5 சதவீதம். இதைத்தான் பணவீக்கம் இருபதிலிருந்து ஐந்தாகக் குறைந்தது என்கிறார்கள். ஏறுகிற வேகம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். ஏறின விலை ஏறினபடியே நிற்கிறது. உன் கையிலிருந்து போவது 126.

இன்னொரு காரணமும் உண்டு. விலைவாசிக் குறியீடு என்பது நாடு முழுக்க ஒரு சராசரிக் குடும்பம் வாங்குகிற சாமான்களின் கூடை. 2012ஐ அடிப்படை ஆண்டாக வைத்துப் போட்ட குறியீட்டில் உணவுக்கும் பானங்களுக்கும் கொடுத்த பங்கு நூற்றுக்கு 45.86. மாதம் பன்னிரண்டாயிரம் சம்பாதிக்கிற வீட்டில், வாடகை போக மிச்சத்தில் முக்கால்வாசி வாய்க்கும் வயிற்றுக்குமே போய்விடுகிறது. வெங்காயமும் எண்ணெயும் ஏறினால் அந்த வீட்டுக்கு விழுகிற அடி குறியீட்டில் தெரிகிற அடியைவிடப் பலம். நல்ல எதிர்க்கட்சி உறுப்பினர் என்றால் "பணவீக்கம் எவ்வளவு?" என்று கேட்டுவிட்டு உட்கார மாட்டார். "கூலிக்காரன் வீட்டுக் கூடைக்கு எவ்வளவு ஏறியது, அவன் கூலி எவ்வளவு ஏறியது?" என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்பார். லோகியா கேட்ட கேள்வியும் இதே ஜாதிதான்.

கேள்வி: எதிர்க்கட்சியாக இருக்கும்போது பேசுவது சுலபம். நாற்காலியில் உட்கார்ந்தால் எல்லோரும் ஒன்றுதானே?
*ஒரு வாசகர், விருத்தாசலம்*

நம் ஊர் உதாரணமே இருக்கிறது. 1962 ஜூலையில் விலைவாசி உயர்வை எதிர்த்துத் தி.மு.க. மறியல் நடத்தியது. அண்ணா வேலூர்ச் சிறைக்குப் போனார். அடுத்த சில வருஷங்களில் அரிசித் தட்டுப்பாடு கடுமையாயிற்று. ரேஷன் வரிசையில் விடியற்காலை நாலு மணிக்கே பையை வைத்து இடம் பிடிப்போம். பைக்குள் ஒரு கல், காற்றில் பறந்துவிடாமல் இருக்க. 1967 தேர்தலில் "ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்" என்றார்கள். எங்கள் தெருவில் அதை மனப்பாடமாகச் சொல்லாத குழந்தை கிடையாது.

ஜெயித்தார்கள். மார்ச்சில் அண்ணா முதலமைச்சர் ஆனார். அந்த மே மாதமே சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி போட்டார்கள். ஆனால் மாநிலம் முழுக்கக் கொண்டுவர முடியவில்லை, பணம் தாங்கவில்லை. பாபநாசத்தில் இருந்த எங்களுக்கு அந்தப் படி வந்து சேரவில்லை. அம்மா ரொம்ப நாள் எதிர்பார்த்தாள்.

எல்லோரும் ஒன்று என்று இதை வைத்து நான் சொல்ல மாட்டேன். "நிச்சயம்" என்று சொன்னதை இரண்டு நகரத்திலாவது இரண்டே மாதத்தில் ஆரம்பித்தார்கள். கொடுத்த வாக்கு ஒரு பாரமாக அவர்கள் தோளில் உட்கார்ந்திருந்தது. ரேஷன் கடை நம் மாநிலத்தில் இவ்வளவு பலமாக வளர்ந்ததில் அந்தப் பாரத்துக்கும் பங்கு உண்டு என்பது, அந்தக் கடையிலேயே வாழ்நாளைக் கழித்த என் நம்பிக்கை. ஆனால் அன்றைக்கு எதிர்வரிசைக்குப் போனவர்கள் "மீதிப் படி எங்கே?" என்று கேட்டதும் முழு நியாயம். கேட்காமல் இருந்திருந்தால்தான் தப்பு.

கேள்வி: வெளிநடப்பு செய்வது சரியா, தவறா?
*ஒரு மாணவர், சிவகாசி*

கேள்வியைக் கேட்டு, பதிலையும் வாங்கி, அந்தப் பதிலில் உள்ள ஓட்டையையும் சொன்ன பிறகு போகட்டும். கேட்காமலே போவது எனக்குப் பிடிக்காது.

கேள்வி: கணக்குக் கேட்பது என்கிறீர்கள். அதற்குச் சட்டப்படி என்ன வழி? எங்களைப் போன்றவர்கள் என்ன செய்ய முடியும்?
*ஓர் ஆசிரியை, பரமக்குடி*

மக்களவையில் தினமும் முதல் மணி நேரம் கேள்வி நேரம். நட்சத்திரக் கேள்வி என்றால் அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும். உடனே துணைக் கேள்வி கேட்டு மடக்கலாம். நட்சத்திரம் இல்லாத கேள்விக்கு எழுத்தில் பதில் வரும். எழுத்துப் பதில்தானே என்று அலட்சியம் செய்கிறவர்கள் உண்டு. எனக்கு அதுதான் பொக்கிஷம், ஏனென்றால் அதில் எண் இருக்கும், கையெழுத்துப் போட்டது மாதிரி.

அடுத்தது பொதுக் கணக்குக் குழு. மக்களவையிலிருந்து 15 பேர், மாநிலங்களவையிலிருந்து 7 பேர். அமைச்சர்கள் அதில் இருக்கக் கூடாது. தணிக்கைத் துறை அறிக்கையை வைத்துக்கொண்டு, கொடுத்த பணம் கொடுத்த காரியத்துக்குத்தான் போனதா என்று செயலாளர்களைக் கூப்பிட்டுக் கேட்கிற குழு. 1967 முதல் எதிர்க்கட்சிக்காரரைத் தலைவராக்குவது வழக்கம். முதலில் அப்படி வந்தவர் மினு மசானி. அந்த அறைக்குள் கேமரா கிடையாது, கோஷமும் கிடையாது. சட்டமன்றத்திலும் இதேபோல ஒரு குழு உண்டு.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று சொல்கிறேன் டீச்சர். உங்கள் வகுப்புப் பிள்ளைகளிடம் அவரவர் வீட்டு மளிகைச் சீட்டை மூன்று மாதத்துக்கு எழுதிவரச் சொல்லுங்கள். பருப்பு எத்தனை கிலோ, என்ன விலை, எந்த மாதம் எது வாங்குவதை நிறுத்தினார்கள் என்பது மட்டும் போதும், பெயர் வேண்டாம். அதை உங்கள் தொகுதி மக்களவை உறுப்பினருக்கு, அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும், விரைவுத் தபாலில் அனுப்புங்கள். மக்களவையில் கேள்வி கொடுக்கப் பதினைந்து நாள் முன்னறிவிப்பு வேண்டும். ஆகவே கூட்டத்தொடர் ஆரம்பிப்பதற்கு ஒரு மாதம் முன்பே போய்ச் சேருகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். நகல் ஒன்றை எனக்கும் அனுப்புங்கள். "வாங்குவதை நிறுத்தினார்கள்" என்ற பத்தியைத்தான் நான் முதலில் படிப்பேன்.