சக்திமான் லாரியை ஆசைக்கு வாங்கலாமா? அசல் படிவம் 21 இல்லாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்

கேள்வி: மன்னார்குடி பக்கம் எங்கள் ஊர். ராணுவம் ஓட்டிக் கழித்த சக்திமான் லாரி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ள வெகுநாள் ஆசை. தொழிலுக்கு இல்லை. திருச்சி புரோக்கர் ஒருவர் வண்டியைக் காட்டி, "விவசாய வண்டி என்று ஆர்.சி. போட்டுத் தருகிறேன், ஆர்மி கலரே இருக்கட்டும்" என்கிறார். ஏலப் பத்திரத்தின் ஜெராக்ஸும் கொடுத்திருக்கிறார். அட்வான்ஸ் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அந்த ஜெராக்ஸை நம்பி ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.

உங்கள் ஆசையில் தப்பே இல்லை. ஜெர்மனியின் மான் (MAN) என்ற லாரி கம்பெனியின் வடிவமைப்பை வாங்கி ஜபல்பூரில் நம் அரசுத் தொழிற்சாலையில் கட்டிய வண்டி அது. பிரேக், கியர், இன்ஜின் எதுவானாலும் நல்ல மெக்கானிக் கிடைத்தால் சரிசெய்து விடலாம். வண்டி சிக்குவது பேப்பரில்தான்.

ராணுவ வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டம் 60-வது பிரிவின்படி தனிப் பதிவு. அம்புக்குறி போட்ட நம்பரைப் பார்த்திருப்பீர்கள். ராணுவத்தின் கையை விட்டுப் போனதும் அந்தப் பதிவு உங்களுக்கு உதவாது. மற்ற வண்டிகளைப் போல ஆர்.டி.ஓ. ஆபீஸில் புதிதாகப் பதிவு செய்தாக வேண்டும். அதற்கு மத்திய மோட்டார் வாகன விதி 47 பெயர் சொல்லிக் கேட்பது, உரிய ராணுவ அதிகாரி கொடுத்த அசல் படிவம் 21. அதாவது விற்பனைச் சான்று. ஏலப் பணம் கட்டிய ரசீது, டெலிவரி சீட்டு, ஐம்பது ரூபாய் பத்திரத்தில் எழுதிய ஒப்பந்தம் எதுவும் அதற்கு ஈடாகாது.

இந்த வியாபாரம் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். கழித்த வண்டிகள் பெரும்பாலும் எம்.எஸ்.டி.சி. என்ற மத்திய அரசு நிறுவனத்தின் இணைய ஏலத்தில் போகின்றன. இருக்கும் இடத்தில், இருக்கும் நிலையில் என்பதுதான் நிபந்தனை. பல வண்டிகளை ஒரே லாட்டாகக் கட்டி விடுவதால், ஒரே ஒரு வண்டி வேண்டும் என்பவர் உள்ளே நுழையவே முடிவதில்லை. மொத்தமாக எடுப்பவர் பழைய இரும்பு வியாபாரி. உடைப்பதற்கென்று எடுத்த லாட்டுக்குப் பதிவுக்கான படிவம் 21 வராது. அவர் உடைப்பதற்குப் பதிலாக ஒரு வண்டியின் சேஸிஸில் இன்னொன்றின் இன்ஜினை ஏற்றி, பெயின்ட் அடித்து, மூன்றாவது வண்டியின் பேப்பரை ஜெராக்ஸ் எடுத்து புரோக்கரிடம் தள்ளுகிறார். உங்கள் கையில் இருப்பதும் அப்படிப்பட்டதாக இருக்கலாம்.

இதை நீங்களே சோதிக்கலாம். சேஸிஸ் நம்பர் குத்தியிருக்கும் இடத்தில் மண்ணெண்ணெய்த் துணியால் கிரீஸைத் துடையுங்கள். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்த்தால் எண்கள் அப்படியே பதியும். ஒரே உயரம், ஒரே ஆழம், ஒரே வரிசையில் இருக்க வேண்டும். ஓர் எண் மட்டும் சாய்ந்திருந்தாலோ, சுற்றிலும் கிரைண்டர் ஓடிய வழவழப்பு தெரிந்தாலோ, தனித் தகடு வைத்து வெல்டிங் செய்திருந்தாலோ அங்கேயே கிளம்பிவிடுங்கள். இன்ஜின் நம்பருக்கும் இதே சோதனைதான். இரண்டும் அசல் படிவத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். படிவத்தில் யார் பெயர் இருக்கிறது என்றும் பாருங்கள். முன்பின் தெரியாத வடநாட்டு வியாபாரியின் பெயர் இருந்தால், நீங்கள் எத்தனையாவது கை?

அப்புறம் அந்த "விவசாய வண்டி" கதை. டிராக்டர், பவர் டில்லர் போன்றவைதான் அந்தக் கணக்கில் வரும். லாரி என்றால் சரக்கு வண்டிதான். வாடகைக்கு விடாவிட்டாலும் எஃப்.சி., பெர்மிட், இன்சூரன்ஸ் எல்லாம் உண்டு. சுமையோடு 7.5 டன்னைத் தாண்டும் வண்டி என்பதால் கார் லைசென்ஸ் போதாது. லாரி ஓட்டுவதற்கான லைசென்ஸ் வேண்டும். கலர் விஷயமும் அப்படித்தான். பாதுகாப்புத் துறை வண்டி தவிர வேறெதற்கும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது என்று விதி 121 சொல்கிறது.

சொந்தத் தோப்புக்குள் ஓட்டினால் பதிவு வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். சட்டத்தின் 39-வது பிரிவு அப்படிச் சொல்லவில்லை: பொது இடமானாலும் வேறு எந்த இடமானாலும் ஓட்டுவதற்குப் பதிவு கட்டாயம். வேலி போட்ட உங்கள் தென்னந்தோப்புக்குள் நிறுத்தி வைத்துத் துடைத்து, ஓட்டாமல் ஸ்டார்ட் செய்து பார்க்க மட்டும் பதிவு தேவையில்லை. கொஞ்சம் ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைத்தாலும், நம் டெல்டாவில் எந்தத் தோப்பு ஒரே துண்டாக இருக்கிறது? நடுவே ஒரு வாய்க்கால், அதன் மேல் ஒரு மதகு, அந்தப் பக்கம் மீதி நிலம். வாய்க்கால் கரையில் ஊர் ஜனம் நடக்கிறது. மக்களுக்குப் போக உரிமை உள்ள இடமெல்லாம் சட்டத்தின் கண்ணில் பொது இடம். பாமணி ஆற்றங்கரையும் பொது இடம், கோயில் தெருவும் பொது இடம். பத்தடி கடந்தாலும் கடந்ததுதான். அந்தப் பத்தடியில் ஒரு சைக்கிள்காரர் மேல் பட்டுவிட்டால் இன்சூரன்ஸ் கிடையாது. நஷ்டஈட்டை நிலத்தை விற்றுத்தான் கட்ட வேண்டும். ஆகவே வண்டியை டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுவந்து ஒரே வேலிக்குள் இறக்கி, ஓட்டாமல் வைத்துக்கொள்வதாக இருந்தால் மட்டும் பதிவில்லாமல் வாங்குவதை யோசியுங்கள். அப்போதும் விற்றவரிடம் முறையான பில் வாங்கி வையுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தாலும் அலைச்சல் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. விதி 1989-லிருந்து புத்தகத்தில் இருக்கிறது. இருந்தும் இப்படி ஒரு ஃபைலைக் கண்டதும் "மேலே கேட்டுச் சொல்கிறோம்" என்கிறார்கள். விற்ற ராணுவப் பிரிவுக்குக் கடிதம் போகும், பதில் வராது, நினைவூட்டுக் கடிதத்துக்கும் நம்மையே அலைய விடுவார்கள். நேர்மையாக வருகிறவர் மாதக்கணக்கில் வாசலில் நிற்க, புரோக்கர் பக்கத்துக் கதவில் போய் வருகிறார். ஒரு விற்பனைச் சான்றைச் சரிபார்க்க இரண்டு அரசுத் துறைகளுக்கு இவ்வளவு காலம் எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

புரோக்கருக்கு வாட்ஸ்அப்பில் ஒரே வரி அனுப்புங்கள்: "அசல் படிவம் 21-ஐ ஆர்.டி.ஓ. ஆபீஸில் நேரில் காட்டுங்கள், என் பெயரில் ஆர்.சி. வந்த அன்று முழுப் பணம்." போனில் பேசாமல் எழுத்திலேயே பதில் வாங்குங்கள். "வேறு பார்ட்டி ரெடியாக இருக்கிறார்" என்று பதில் வந்தால், அந்தப் பார்ட்டிக்கே வண்டி போகட்டும்.