அக்காவின் காப்பும் உங்கள் வீட்டுக்கடனும்

வணக்கம் அக்கா,

கொக்குவிலில் இருந்து எழுதுகிறேன். வீடு கட்ட வங்கியில் 50 இலட்சம் கடன் எடுத்தேன். 12 வீத வட்டி, 20 வருடம். இப்போது மாதம் 10,000 ரூபாய் மிச்சம் பிடிக்க முடிகிறது. அதை மேலதிகமாகக் கட்டிக் கடனைக் கெதியாக முடிக்கலாமா? மனைவி நிலையான வைப்பில் போடச் சொல்கிறா. கனடா மச்சான் பங்குச் சந்தை என்கிறார். அத்திவாரம் போடும்போது என் கூடப்பிறந்த அக்கா தந்த காப்புச் சோடியும் அடைவில் இருக்கிறது, ஆனால் அவ கேட்கமாட்டா. கடன் இல்லாத மனிசன் என்று சொல்லிக்கொள்ள ஆசையாக இருக்கிறது.

அன்புள்ள தம்பி,

கணக்கை முதலில் முடித்துவிடுவோம். உங்கள் மாதத் தவணை 55,000 ரூபாய் அளவில் வரும். முதல் மாதம் அதில் 50,000 வட்டிக்கே போய்விடும். கடனில் கழிவது 5,000 சொச்சம்தான். அதனால்தான் தொடக்க வருடங்களில் கட்டும் மேலதிகக் காசுக்கு இவ்வளவு பலம். தொடக்கத்திலிருந்தே மாதம் 10,000 கூடக் கட்டி, வட்டியும் மாறாமல் இருந்தால், 20 வருடக் கடன் 12 வருடமும் சில மாதங்களுமாகச் சுருங்கும். வட்டியில் 36 இலட்சமளவு மிஞ்சும். முன்கூட்டிக் கட்டுவதற்குக் கட்டணம் அறவிடுவார்களா என்று கேளுங்கள். மேலதிகக் காசை முதற்தொகையில் கழிக்கவும், தவணையைக் குறைக்காமல் காலத்தைக் குறைக்கவும் எழுத்தில் கேளுங்கள். வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள்.

மனைவி சொல்வதில் பாதி சரி. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளி கூட்டியபோது, மாறும் வட்டியில் கடன் எடுத்தவர்கள் பட்ட பாடு உங்களுக்கும் தெரியும். கையில் சில மாதத் தவணைக் காசு இருக்கத்தான் வேண்டும். அதற்கு மேல் வைப்பில் போட்டு என்ன காணப் போகிறீர்கள்? இப்போது வைப்புக்குத் தரும் வட்டி உங்கள் கடன் வட்டிக்குக் கீழே. அதிலும் 2025 ஏப்ரலில் இருந்து 10 வீதத்தை வரியாகப் பிடிக்கிறார்கள். மச்சானின் பங்குச் சந்தையை மச்சானே பார்த்துக்கொள்ளட்டும்.

சரி, இனி நான் எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன். "காப்புச் சோடியும் அடைவில் இருக்கிறது, ஆனால் அவ கேட்கமாட்டா." தம்பி, இந்த வரியை எழுதும்போது உங்களுக்குக் கை கூசவில்லையா?

என் சின்னம்மாவிடம் ஓர் அட்டியல் இருந்தது. அவவின் கூடப்பிறந்த என் மாமா வெங்காயத் தோட்டத்துக்கு இறைக்கும் மெஷின் வாங்க அதை வாங்கிக்கொண்டுபோய் அடைவு வைத்தார். வேறு கடனும் எடுத்திருந்தார். அதை மட்டும் தவணைக்கு முன்பே கட்டி முடித்து, "ஒருத்தனுக்கும் ஒரு சதம் குடுக்க இல்லை" என்று கோயில் வீதியில் நின்று சொல்வார். அட்டியலுக்கு வருடா வருடம் வட்டி கட்டித் துண்டைப் புதுப்பித்தது சின்னம்மா. முட்டை விற்ற காசு, கடகம் பின்னி விற்ற காசு. அடைவுத் துண்டை நாலாக மடித்து, பழைய பவுடர் பேணிக்குள் வைத்திருப்பா. மடிப்பு விழுந்த இடத்தில் எழுத்து அழிந்து, நிறை எழுதிய இலக்கம் மட்டும் தெரியும். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க போரால் இடம்பெயர்ந்து நாவற்குழிப் பக்கம் நடந்தபோது அவ கொண்டுவந்த பையில் அந்தப் பேணியும் இருந்தது. அட்டியல் திரும்பி வரவேயில்லை. மாமா கடைசிவரை அதைப்பற்றி ஒரு கதை கதைத்ததில்லை, சின்னம்மாவும் கேட்கவில்லை. கேட்காதது பெருந்தன்மை என்று எல்லாரும் சொன்னோம். கேட்டிருந்தால் பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுப் போகும் என்ற பயம் அவவுக்கு இருந்ததை நான் பிறகுதான் விளங்கிக்கொண்டேன்.

எங்கள் ஊரில் வங்கிக் கடன்தான் கடன். கூடப் பிறந்தவள் கழற்றித் தந்தது "உதவி". 1707இல் ஒல்லாந்தர் எழுதுவித்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையில் ஒற்றிக்கென்று முறை இருக்கிறது: காணியை ஒற்றிக்கு வாங்கியவர் வட்டிக்குப் பதிலாக அதன் விளைச்சலை அனுபவிப்பார். அந்நியனுக்கே அவ்வளவு கிடைத்தது. உங்கள் அக்காவுக்கு என்ன கிடைக்கிறது? குடிபூரலுக்கு ஒரு சேலை கொடுத்திருப்பீர்கள்.

அடைவுக்கு யார் வட்டி கட்டுகிறார்கள் என்றுகூட நீங்கள் எழுதவில்லை. அவ கட்டுகிறா என்றால் உங்கள் வீட்டுக்கு இரண்டு பேர் தவணை கட்டுகிறீர்கள். ஒருவரும் கட்டவில்லை என்றால், தவணை தவறிய நகை ஒருநாள் ஏலத்துக்குப் போகும். அடைவு வட்டி வீட்டுக்கடன் வட்டியைவிடக் கூடவாகவும் இருக்கலாம். வெறும் கணக்குப் பிள்ளையாக யோசித்தாலும் முதலில் அடைக்க வேண்டியது அதைத்தான்.

உங்கள் மேல் கோபம் இல்லை. மாதம் பத்தாயிரம் மிச்சம் பிடிக்கிற பிள்ளைக்கு இதையும் செய்ய ஏலும் என்றுதான் ஏசுகிறேன். நாளைக்கே அக்காவிடம் துண்டை வாங்கி, முதலும் வட்டியும் எவ்வளவு என்று விசாரியுங்கள். நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன் காப்பு அவ கையில் இருக்க வேண்டும். வங்கிக்கான கடிதத்தை அதற்கு அடுத்த மாதம் எழுதலாம்.