மஞ்சள் விளக்கு எரிந்தால் ஈசிஎம் போய்விட்டதா?

கேள்வி: திருப்பூரில் ஆட்டோ ஓட்டுகிறேன். 2020 கடைசியில் பதிவான பிஎஸ்6 எல்பிஜி வண்டி, செகண்ட் ஹேண்டில் எடுத்தது. ஒரு மாதமாக மீட்டரில் மஞ்சள் இன்ஜின் விளக்கு எரிகிறது, சில நாள் தானாகவே அணைந்துவிடுகிறது. பிக்கப் குறைவு. ஐடிலில் நிற்கும்போது பேட்டரி விளக்கும் லேசாக மினுக்குகிறது. மெக்கானிக் ஈசிஎம் (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) போய்விட்டது, 18,000 ரூபாய் ஆகும் என்கிறார். அடுத்த மாதம் எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) இருக்கிறது, விளக்கை நானே அணைத்துத் தருகிறேன் என்கிறார் புரோக்கர். என்ன செய்யலாம்?

பதில்: ஈசிஎம்மை இப்போது மாற்றாதீர்கள். நீங்கள் சொன்னதிலேயே பெரிய துப்பு அந்த பேட்டரி விளக்குதான், அதை உங்கள் மெக்கானிக் பார்த்ததாகவே தெரியவில்லை.

2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு ஆட்டோவிலும் சென்சார்களைப் பார்த்து ஒரு சின்ன கம்ப்யூட்டர்தான் இன்ஜினை நடத்துகிறது. பேட்டரி வோல்ட் இறங்கி ஏறினாலோ எர்த் (பேட்டரி மைனஸை வண்டி பாடியோடு சேர்க்கும் இணைப்பு) சரியில்லாமல் போனாலோ சென்சாரிலிருந்து வரும் அளவுகள் தாறுமாறாகும், உடனே கம்ப்யூட்டர் சென்சார் மேல் சந்தேகப்பட்டு விளக்கை எரிய விடும். வண்டி பழசாகப் பழசாக வயர், டெர்மினல், எர்த் போல்ட் எல்லாம் களிம்பு பிடித்துப் போகும். சில நாள் எரிந்து சில நாள் அணைகிறது என்றாலே எனக்கு முதலில் தோன்றுவது லூஸ் கான்டாக்ட்தான். ஈசிஎம் உண்மையிலேயே எரிந்துபோனால் பெரும்பாலும் வண்டி ஸ்டார்ட்டே ஆகாது, இப்படி நல்ல நாள் கெட்ட நாள் பார்க்காது.

அதனால் வோல்ட் அளக்க ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள், சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் பேட்டரியைப் பாருங்கள், 12.6 வோல்ட் பக்கம் இருக்க வேண்டும், 12.2 என்றால் பாதிதான் சார்ஜ் இருக்கிறது. அப்புறம் இன்ஜினை ஸ்டார்ட் செய்து கொஞ்சம் ரேஸ் கொடுத்துப் பாருங்கள், 13.5-லிருந்து 14.5-க்குள் வர வேண்டும். 13-ஐத் தாண்டவில்லை என்றால் சார்ஜிங் வயர், சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பக்கம் போங்கள், 15-க்கு மேல் ஏறினாலும் ரெகுலேட்டர்தான். அடுத்து எர்த். ஹெட்லைட்டைப் போட்டு இன்ஜின் ஓடும்போது ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் இன்னொன்றை இன்ஜின் பாடியிலும் வையுங்கள், 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் போல்ட்டைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டுங்கள். கேஸ் வண்டி என்பதால் ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிப் பார்த்துவிடுங்கள். எல்பிஜியைப் பற்றவைக்க பெட்ரோலைவிடக் கூடுதல் வோல்ட் தேவை, தேய்ந்த பிளக்கில் அது மிஸ் அடிக்கும், பிக்கப் போவதற்கு அதுவே போதும்.

இவை சரியான பிறகும் எரிந்தால்தான், கம்ப்யூட்டர் பதிந்து வைத்த கோளாறு நம்பரை (கோட்) படித்துக் காட்டும் ஸ்கேனர். பல ஆட்டோக்களில் காருக்குப் போடும் ஸ்கேனர் நேராகச் சேராது, அதற்கான சாக்கெட் உள்ளவரிடம் போங்கள். இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். கோட் என்பது எந்த சர்க்யூட்டில் கோளாறு என்று மட்டும் சொல்லும், எந்தப் பொருளை மாற்ற வேண்டும் என்று சொல்லாது. பி0130 என்று வந்தால் ஆக்சிஜன் சென்சார் சர்க்யூட், ஆனால் காரணம் அறுந்த வயராக இருக்கலாம், சைலன்சர் ஜாயின்ட்டில் காற்று கசிவதாக இருக்கலாம். பி0562 என்றால் வோல்ட் குறைவு, அதற்குப் போய் சென்சார் விற்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். கோட் நம்பரைக் காட்டாமல் 'ஈசிஎம் போச்சு' என்று வாயால் மட்டும் சொல்கிறவரிடம் பணம் கொடுக்காதீர்கள். ஸ்கிரீனை போட்டோ எடுங்கள், எடுக்கும் முன் எதையும் அழிக்க விடாதீர்கள். பழைய பாகத்தையும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மழை நாளிலோ வாட்டர் சர்வீஸ் முடிந்த மறுநாளோ மட்டும் எரிகிறதா என்று யோசித்துப் பாருங்கள், அது தனிக் கதை. ஆட்டோவில் இன்ஜின் பின்னால் கீழே இருக்கிறது, பிரஷர் தண்ணீரை அங்கே பாய்ச்சினால் கனெக்டருக்குள் தண்ணீர் போய்விடும், வெயிலில் நின்றதும் காய்ந்து விளக்கு அணையும், நீங்களும் சரியாகிவிட்டது என்று நினைப்பீர்கள், உள்ளே பின்னில் பச்சை ஏறிக்கொண்டே இருக்கும். இது ரொம்ப நாள் தாங்காது. ஒவ்வொரு கனெக்டராகக் கழற்றி காற்றடித்து, கான்டாக்ட் கிளீனர் அடித்து, ரப்பர் சீல் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். சீல் கிழிந்த கனெக்டரை எத்தனை முறை துடைத்தாலும் பிரயோஜனமில்லை, மாற்றித்தான் ஆக வேண்டும்.

புரோக்கர் விஷயம். அவர் செய்யப்போவது கோட்டை அழிப்பது, இல்லையென்றால் விளக்குக்குப் போகிற வயரைப் பிடுங்குவது, சிலர் கறுப்பு டேப் ஒட்டியே அனுப்புகிறார்கள். கோளாறு அப்படியே இருக்கும், நாளைக்கு வேறு கோளாறு வந்தாலும் உங்களுக்குத் தெரியாது. செகண்ட் ஹேண்டில் வண்டி வாங்குகிறவர்கள் இதையும் சோதிக்க வேண்டும்: சாவியைத் திருப்பியதும் அந்த மஞ்சள் விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். சாவி போட்டபோதே எரியாத விளக்கு என்றால் பல்பு போயிருக்கலாம், இல்லையென்றால் யாரோ ஏற்கெனவே கொன்றிருக்கலாம்.

எனக்குக் கோபம் வருவது இந்த ஏற்பாட்டின் மேல். தினக்கூலி மாதிரி சம்பாதிக்கிறவர் ஓட்டும் வண்டிக்கு கோட் பட்டியலைத் தமிழில் ஒரு பக்கம் அச்சடித்துக் கொடுக்க என்ன செலவாகிவிடும்? புத்தகத்தைத் திறந்தால் 'டீலரை அணுகவும்' என்று ஒரு வரி. டீலரிடம் போனால் ஒரு நாள் ஓட்டம் போச்சு. வண்டிக்கு எட்டு வயது ஆகும் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி., அதற்கப்புறம் வருடா வருடம். வண்டி பழசாகி விளக்கு எரியத் தொடங்கும் காலத்தில்தான் புரோக்கருக்கு வியாபாரம் கூடுகிறது.

மஞ்சள் விளக்கோடு இன்ஜின் குலுங்காமல் ஓடினால் வேலையை முடித்துக்கொண்டு பார்க்கலாம். சிவப்பு ஆயில் விளக்கோ ஹீட் விளக்கோ எரிந்தால் பயணியை இறக்கிவிட்டு அங்கேயே நிறுத்துங்கள். எஃப்.சி.க்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, இந்த வாரமே வோல்ட்டையும் எர்த்தையும் பாருங்கள். அதற்கப்புறமும் எரிந்தால் கோட் நம்பரையும் பார்த்த வோல்ட் அளவுகளையும் எழுதுங்கள், அடுத்து எதைத் தொடுவது என்று சொல்கிறேன்.