கேர் வேலைக்குப் போகலாமா என்று கேட்ட தங்கைக்கு

கணவரின் விசாவில் இங்கிலாந்து வந்திருக்கிறீர்கள். வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் கேர் வேலை கிடைக்கும் போலிருக்கிறது, சொந்தக்காரர்கள் கேவலமாகப் பேசுகிறார்கள், போகலாமா என்று கேட்கிறீர்கள். 

தாராளமாகப் போங்கள். ஆனால் சேரும் முன்னால், ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும் நேரத்துக்குச் சம்பளம் உண்டா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். குறைந்தபட்ச ஊதியச் சட்டப்படி அதுவும் வேலை நேரம்தான். நான் முதலில் சேர்ந்த ஏஜென்சியில் வீட்டுக்குள் இருந்த நிமிடங்களுக்கு மட்டுமே காசு. விடியுமுன் கிளம்பி இரவில் திரும்பினாலும் சம்பளச் சீட்டில் பாதி நாள்தான் இருக்கும். நேரத்தைத் தினமும் குறித்து வையுங்கள். தகராறு வந்தால், வேலை உரிமைகள் பற்றி வழிகாட்டும் ஏகாஸ் (Acas) என்ற அமைப்பிடம் இலவசமாக ஆலோசனை கேட்கலாம். அப்புறம், வேலை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்கும் நம் ஆட்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அப்படி வாங்குவது இங்கே சட்டவிரோதம். உங்கள் விசாவுக்கு ஸ்பான்சரும், அதாவது விசாவுக்குப் பொறுப்பேற்கும் முதலாளியும், தேவையில்லை.

கேவலம் என்ற பேச்சுதான் எனக்கு ஆறவே இல்லை. படுத்த படுக்கையாக இருப்பவரைப் புண் வராமல் புரட்டுவதும், புரையேறாமல் ஊட்டுவதும் கற்றுத் தேற வேண்டிய வேலை. சம்பளத்துக்குச் செய்தால் கழுவிவிடும் வேலை என்கிறார்கள். அதே பெண் மாமியாருக்கு இராப்பகலாகச் செய்தால், வீட்டில் சும்மாதானே இருக்கிறாள் என்கிறார்கள். நம்மவர்கள் மட்டுமல்ல, இந்த நாடும் அப்படித்தான் நினைத்தது. வீட்டில் நோயாளியைப் பார்ப்பவருக்கு 1976இல் உதவித்தொகை வந்தபோது, எப்படியும் வீட்டில்தானே இருப்பார்கள் என்று மணமான பெண்களை விலக்கி வைத்தார்கள். தாயைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்ட ஜாக்குலின் டிரேக் என்பவரின் வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், 1986இல்தான் அது மாறியது. உங்கள் விசாவில் பொது நிதி கூடாது (அரசு உதவித்தொகைகள் வாங்கக் கூடாது) என்றிருந்தால் அந்தத் தொகைக்கு இப்போது விண்ணப்பிக்காதீர்கள், சிக்கலாகும்.

நான் போன வீடுகளில் ஒன்றில் பக்கவாதம் வந்த ஒருவர் இருந்தார். காலையில் அரை மணி நேரம் நான் பார்ப்பேன். மீதி நேரம் முழுக்க அவர் மனைவிதான். என்ன வேலை செய்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், எதுவும் செய்யவில்லை என்பார். எனக்குக் கோபமாக வரும். இன்று புதியவர்களுக்கு நான் பயிற்சி கொடுக்கிறேன். முதுகு பிடித்துக்கொள்ளாமல் ஒருவரை எழுப்பி உட்கார வைக்க நான் கற்றது ஏஜென்சி வகுப்பில் அல்ல, அந்த அம்மாவிடம்தான்.