கருப்பா இருக்க வேண்டிய இடத்துல வெளிச்சம்

கேள்வி: சூரியனோட கரோனா (சூரியனைச் சுத்தி இருக்கற வெளி வாயு மண்டலம்) படங்களைக் கம்ப்யூட்டர்ல திருத்தறாங்களாமே, அப்போ நாம பாக்கறது நிஜமா, போட்டோஷாப் வேலையா?

பதில்: சந்தேகம் நியாயம்தான், ஆனா திருத்தாத படம்தான் நிஜம்னு நெனச்சா அங்கதான் ஏமாறுவோம். 2012 ஜூன்ல வெள்ளி கிரகம் சூரியனுக்குக் குறுக்கே போச்சே, அப்போ சூரியனையே பாத்துட்டிருக்கற நாசாவோட எஸ்டிஓ சாட்டிலைட் எடுத்த அல்ட்ரா வயலட் படத்தைப் பெருசு பண்ணிப் பாருங்க. வெள்ளி நமக்குக் காட்டுனது ராத்திரிப் பக்கம், அந்த வட்டம் மை மாதிரி இருக்கணும், பிக்சல் நம்பரைப் பாத்தா பூஜ்யம் இல்ல! சுத்தி ஜொலிக்கிற சூரியனோட வெளிச்சம்தான் டெலஸ்கோப்புக்குள்ள வழிதவறி அங்க வந்து உக்காந்திருக்கு.

எப்படி வழிதவறுதுன்னா, கண்ணாடியை எவ்வளவு பாலிஷ் பண்ணாலும் கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு மிஞ்சும், அதுல பட்டு கொஞ்சம் செதறும். இன்னொண்ணு முன்னாடி இருக்கற உலோக ஃபில்டர், தலைமுடியை விட நூத்துக்கணக்கான மடங்கு மெல்லிசு, கிழியாம இருக்க சின்னக் கம்பி வலை மேல ஒட்டியிருப்பாங்க, அந்த வலைல பட்டு செதறற வெளிச்சம்தான் பெரிய ஃபிளேர் (சூரியன்ல வர்ற திடீர் வெடிப்பு) வெடிக்கும்போது படத்துல எக்ஸ் மாதிரி கோடு கோடா தெரியுது (அதைப் பாத்துட்டு வேற்றுகிரகக் கப்பல்னு கெளப்பி விடறவங்களும் உண்டு, விடுங்க).

பளிச்சுனு இருக்கற இடத்துல இது பெருசா உறுத்தாது. கரோனல் ஹோல்னு இருண்ட பகுதி இருக்கே, வேகமான சூரியக் காத்து (சூரியன் வெளிய வீசற மின்துகள்கள்) கெளம்பற இடம், அங்கதான் சிக்கல், ஏன்னா அங்க பதிவாகற வெளிச்சத்துல நல்ல ஒரு பங்கு அக்கம்பக்கத்துல இருந்து வந்த இரவல். அதை நம்பி அடர்த்தியையும் வெப்பநிலையையும் கணக்குப் போட்டா ரெண்டுமே தப்பாத்தான் வரும்.

அதனால ஒரு புள்ளி வெளிச்சம் எங்கெங்க எவ்வளவு செதறுதுன்னு முதல்ல ஒரு மேப் போடுவாங்க. அதுக்கு வெள்ளி, நிலா மாதிரி கருப்புன்னு உறுதியா தெரிஞ்ச ஒண்ணு வேணும். 2007 பிப்ரவரில சூரியனைப் படம் எடுக்கற ஸ்டீரியோ சாட்டிலைட்டுக்கு முன்னாடி நிலா கடந்தது அப்படிக் கெடச்ச வாய்ப்புதான். அந்த மேப்பை வச்சு கணக்கைத் தலைகீழா ஓட்டுனா செதறுன வெளிச்சம் கெளம்புன இடத்துக்கே திரும்பிப் போயிரும். அழிக்கறதோ வரையறதோ இல்லைங்க, மொத்த வெளிச்சம் கிட்டத்தட்ட அதேதான்.

ஆனா இஷ்டத்துக்கு ஓட்டவும் முடியாது, நாய்ஸும் (படத்துல தாறுமாறா கலந்திருக்கற பிழையும்) சேந்து பெருசாகும், மேப் தப்பா இருந்தா இருட்டுப் பகுதில கூட்டமா மைனஸ் நம்பர் வந்து நிக்கும். சூரியன்ல மைனஸ் வெளிச்சம் கெடையாதே, அப்போ மேப்பைத்தான் மறுபடி போடணும்.