பன்னிரண்டு மாதம், மூன்று பாடம்

கேள்வி: மகள் எம்.பி.பி.எஸ். முதலாண்டு. பிளஸ் டூவிலும் நீட்டிலும் நல்ல மதிப்பெண். இப்போது அனாடமி (உடற்கூறியல்) இன்டர்னல் தேர்வில் தொடர்ந்து ஃபெயில் ஆகிறாள். ராத்திரி இரண்டு மணி வரை படிக்கிறாள். பாடம் அதிகமா, இவளுக்குத்தான் வரவில்லையா?
– ஒரு தாய், விழுப்புரம்

பதில்: பாடம் அதிகம்தான் அம்மா. முன்பு ஒன்றரை ஆண்டாக இருந்த எம்.பி.பி.எஸ். முதல் கட்டத்தை இந்திய மருத்துவக் கவுன்சிலின் 1997 ஒழுங்குமுறை ஓராண்டாகச் சுருக்கியது, புத்தகம் மெலியவில்லை. 2019 பாடத்திட்டத்தில் அனாடமிக்கு மட்டும் 675 மணி, பிசியாலஜிக்கு (உடலியங்கியல்) 495, பயோகெமிஸ்ட்ரிக்கு (உயிர்வேதியியல்) 250. நடுநடுவே ஓயாமல் டெஸ்ட். அனாடமி டெஸ்ட் வரும் வாரம் பிசியாலஜி கிடப்பில் கிடக்கும். அடுத்த வாரம் அனாடமி கிடக்கும். எல்லாமே கடைசி ராத்திரி வாசிப்பில் போய் நிற்கும்.

அந்த வாசிப்புதான் ஏமாற்றுகிறது. 2006இல் ரோடிகர், கார்பிக்கே என்ற இரு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்தோ, ஒருமுறை வாசித்துவிட்டுப் பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களே முன்னால் நின்றார்கள்.

கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புப் பின்னலான பிரேக்கியல் பிளெக்ஸஸையே எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தை மூடிவிட்டு வெள்ளைத்தாளில் வரையட்டும்: சி5 முதல் டி1 வரையான தண்டுவட நரம்புகளிலிருந்து ஐந்து வேர், மூன்று டிரங்க், ஆறு டிவிஷன், மூன்று கார்டு, பிறகு கிளைகள். போஸ்டீரியர் கார்டு எங்கிருந்து வருகிறது என்பதில் பேனா நின்றால் (மூன்று டிரங்கின் பின்பக்க டிவிஷன்களும் சேர்ந்துதான் அது) அந்த இடத்தைச் சிவப்பில் வட்டமிட்டு, அதை மட்டும் புத்தகத்தில் பார்க்கட்டும். மூன்றாம் நாள், ஏழாம் நாள், மூன்று வாரம் கழித்து என மறுபடி வெறுந்தாள். மேல் டிரங்க் அடிபட்டால் கை ஏன் உள்பக்கம் திரும்பித் தொங்குகிறது என்று வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். வைவாவில் (வாய்மொழித் தேர்வு) கேட்பது இதைத்தான். எந்தப் பாடத்துக்கு டெஸ்ட் என்றாலும் மற்ற இரண்டுக்கும் தினம் இருபது நிமிடம் இந்த வெறுந்தாள் வேலை நிற்கக் கூடாது. இரண்டு மணி வரை விழிப்பதை விடச் சொல்லுங்கள். படித்தது மனதில் நன்றாகப் பதியத் தூக்கம் வேண்டும்.

கேள்வி: முதலாண்டுத் தேர்வை எத்தனை முறை எழுதலாம்?
– ஒரு மாணவர், தேனி

பதில்: தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 ஒழுங்குமுறைப்படி நான்கு முறை. சப்ளிமெண்டரியும் கணக்கில் சேரும். ஒரு தாளை எழுதிவிட்டு அடுத்ததற்குப் போகாமல் விட்டாலும் அது ஒரு முறைதான். வருகைப்பதிவு தியரிக்கு 75, செய்முறைக்கு 80 சதவீதம் வேண்டும். படிக்கப்போகிறேன் என்று டிஸெக்ஷன் ஹாலுக்கு (உடலை அறுத்துப் படிக்கும் கூடம்) போகாமல் விடுதியில் உட்கார்ந்துவிடாதீர்கள். வருகை குறைவது ஒருபுறம்; படத்தில் மஞ்சளாகத் தெரியும் நரம்பு உடலில் வெளுத்த நூல்போல் இருக்கும், அதைத் தொட்டுப் பார்க்காதவருக்கு ஸ்பாட்டரில் (குறித்துக் காட்டும் உறுப்பை அடையாளம் சொல்லும் தேர்வு) கை ஓடாது.