3,200 டொலருக்கு அட்டிக் இன்சுலேசன்: குளிருக்கு முன் கடன் எடுத்துச் செய்யலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் 1974 இல் கட்டப்பட்ட இரண்டு மாடி வீட்டில் இருக்கிறோம். வீட்டுக்கு வந்த ஒரு நிறுவனத்தின் விற்பனையாளர், எங்கள் அட்டிக்கில் (சீலிங்குக்கும் கூரைக்கும் இடையிலான வெளியில்) வெப்பத்தைத் தடுக்கும் இன்சுலேசன் நாலு அங்குலம்தான் இருக்கிறது, 900 சதுர அடிக்கும் ஆர்-60 வரை (ஆர் என்பது வெப்பத்தடுப்பின் அளவாம், எண் கூடினால் தடுப்பும் கூடுமாம்) நிரப்ப 3,200 டொலர் ஆகும், எரிவாயுக் கட்டணம் பாதியாகும் என்றார். 12.99 சதவீத வட்டியில் 5 ஆண்டுக் கடனும் அவர்களே ஒழுங்கு செய்வார்களாம். சனிக்கிழமைக்குள் கையெழுத்திட வேண்டும் என்கிறார். ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 டொலர் எரிவாயுவுக்குக் கட்டுகிறோம். டி.எஃப்.எஸ்.ஏ. என்ற வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் 9,000 டொலர் இருக்கிறது. கடன் அட்டையில் 20.99 சதவீத வட்டியில் 4,000 டொலர் பாக்கி. என்ன செய்வது?

பதில்: வணக்கம். இந்த வேலை உங்கள் வீட்டுக்குத் தேவையானதுதான். ஆனால் சனிக்கிழமைக்குள் தேவையானது அல்ல, அந்தக் கடனில் செய்ய வேண்டியதும் அல்ல. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், குளிர் நெருங்கும்போது எழும் அச்சத்தில் கையெழுத்திட்டுவிட்டு, பின்னர் ஆண்டுக்கணக்கில் தவணை கட்டும் குடும்பங்களை என் தொழிலில் அடிக்கடி பார்ப்பதுதான்.

முதலில் சேமிப்பைக் கணக்கிட்டுப் பார்ப்போம். கண்ணாடி இழைப் பஞ்சு ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ ஆர்-3 தரும் என்பதால், நாலு அங்குலம் ஆர்-12 ஆகும். ஒன்ராறியோவில் இன்று கட்டப்படும் வீடுகளின் அட்டிக்குகளில் பொதுவாக ஆர்-60 வரை நிரப்புகிறார்கள். ரொறன்ரோவின் வழமையான ஒரு குளிர்காலத்தில், 900 சதுர அடி அட்டிக்கை ஆர்-12 இலிருந்து ஆர்-60 க்கு உயர்த்தினால், சீலிங் வழியாக வெளியேறும் வெப்பம் குறைவதால் ஏறத்தாழ 280 கனமீட்டர் எரிவாயு மிஞ்சும். ஒரு கனமீட்டரை 40 சதம் என்று வைத்துக்கொண்டால் (உங்கள் பற்றுச்சீட்டில் உள்ள விலையைப் போட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்) அது ஆண்டுக்கு 112 டொலர். உங்கள் கட்டணத்தில் அது எட்டுச் சதவீதம்தான், பாதி அல்ல. மாதாந்த நிலைக் கட்டணம் என்ன செய்தாலும் குறையாது. சுவர், யன்னல், பேஸ்மென்ட் வழியாகப் போகும் வெப்பமும், குளிக்கும் வெந்நீருக்கான எரிவாயுவும் அப்படியே இருக்கும். இன்னொன்று: 2025 ஏப்ரல் 1 முதல் எரிவாயு மீதான மத்திய அரசின் கார்பன் கட்டணம் நீக்கப்பட்டுவிட்டது. அதற்கு முன்பு கனமீட்டருக்கு 15 சதத்துக்கு மேல் அது சேர்ந்திருந்ததால், பழைய விலையில் தயாரித்த விற்பனைக் கணக்குகள் இன்றைய நிலைக்குப் பொருந்தா.

இதே வீடு மின்சார பேஸ்போர்ட் ஹீற்றரால் சூடாக்கப்பட்டிருந்தால் சேமிப்பு 350 டொலர் அளவுக்கு வந்திருக்கும், என் பதிலும் வேறாக இருந்திருக்கும். அதேபோல உங்கள் அட்டிக்கில் ஏற்கெனவே ஆர்-32 இருந்திருந்தால், ஆர்-60 க்கு உயர்த்துவதால் ஆண்டுக்கு 25 டொலர்தான் மிஞ்சும். அப்போது வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். ஆகவே நாலு அங்குலம் என்ற விற்பனையாளரின் சொல்லை நம்பாமல், அட்டிக்கின் கதவைத் திறந்து, ஏணியில் நின்றபடி அடிமட்டத்தால் நீங்களே பல இடங்களில் அளந்து பாருங்கள். அங்கே பஞ்சுக்குப் பதிலாகச் சாம்பலும் பொன்னிறமும் கலந்த, மினுங்கும் சிறு கூழாங்கல் போன்ற பொருள் கிடந்தால், அதைத் தொடாமல் கதவை மூடிவிடுங்கள். அது வெர்மிக்குலைட் என்ற பழைய கனிம இன்சுலேசனாக இருக்கலாம். 1990 இல் மூடப்பட்ட, அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தின் லிபி சுரங்கத்திலிருந்து வந்த வெர்மிக்குலைட்டில், மூச்சோடு போனால் நுரையீரலைக் கெடுக்கும் அஸ்பெஸ்டஸ் கலந்திருந்தது. ஆய்வுகூடப் பரிசோதனைக்கு முன் அதன்மேல் எவரும் வேலை செய்யக் கூடாது.

இப்போது கடனைப் பாருங்கள். 3,200 டொலரை 12.99 சதவீதத்தில் 5 ஆண்டுக்கு எடுத்தால் மாதம் ஏறத்தாழ 73 டொலர் கட்ட வேண்டும். வட்டி மட்டும் 1,170 டொலரைத் தொடும். பத்து ஆண்டில் எரிவாயுவில் மிஞ்சுவதைவிட அது அதிகம். உங்கள் கடன் அட்டையோ ஆண்டுக்கு 840 டொலர் வட்டி தின்கிறது. வீட்டில் வெப்பம் ஒழுகுவது உண்மைதான், ஆனால் உங்கள் காசு அதைவிட ஏழு மடங்கு வேகமாக ஒழுகுவது அந்த அட்டையில். டி.எஃப்.எஸ்.ஏ. கணக்கிலிருந்து 4,000 டொலர் எடுத்து அட்டைப் பாக்கியை இந்த வாரமே அடைத்துவிடுங்கள். எடுக்கும் தொகைக்கு வரி இல்லை. அதே தொகையை அந்தக் கணக்கில் மீண்டும் போடும் இடமும் அடுத்த ஜனவரி 1 இல் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும். மிஞ்சும் 5,000 டொலரை, ஃபர்னஸ் பழுதானாலோ வேலை போனாலோ உதவும் அவசரக் காசாக வைத்திருங்கள்.

அதற்காக இந்தக் குளிர்காலத்தைச் சும்மா கழிக்க வேண்டியதில்லை. அட்டிக்கில் முதலில் செய்ய வேண்டியது பஞ்சு நிரப்புவதல்ல, ஓட்டைகளை அடைப்பது. வெதுவெதுப்பான காற்று மேலே ஏறி, அட்டிக் கதவின் விளிம்பு, கழிவுக்குழாய் மேலே போகும் இடம், மின்கம்பித் துளைகள், சீலிங் விளக்குகள் வழியாகக் கூரையடிக்குள் நுழைகிறது. நம் வீடுகளில் சோறும் கறியும் நெடுநேரம் கொதிப்பதால் அந்தக் காற்றில் ஈரமும் அதிகம். குளிர்ந்த கூரைப் பலகையில் அது உறைபனியாகப் படிந்து, வெயில் வந்ததும் உருகிச் சொட்டி, பலகையில் பூஞ்சணத்தை உண்டாக்குகிறது. ஓட்டைகளை அடைக்காமல் மேலே பஞ்சை மட்டும் நிரப்பினால் அட்டிக் முன்னைவிடக் குளிராகும், உறைபனியும் கூடும். கதவைச் சுற்றி நுரைப்பட்டி ஒட்டுவதற்கும், குழாய் இடைவெளிகளுக்குக் கோல்க் (இடைவெளி அடைக்கும் பசை) பூசுவதற்கும் 100 முதல் 200 டொலர் வரை போதும். புகைபோக்கியைச் சுற்றியுள்ள இடைவெளியில் மட்டும் சாதாரண நுரையைப் பயன்படுத்தாதீர்கள். அங்கே தகரமும் தீயைத் தாங்கும் கோல்க்கும் வேண்டும், அதைத் தெரிந்தவரிடம் விடுங்கள். குளியலறை மின்விசிறியின் குழாய் அட்டிக்குக்குள்ளேயே முடியாமல் வெளியே போகிறதா என்பதையும் பாருங்கள்.

பஞ்சு நிரப்பும் வேலைக்கு அட்டையில் மிஞ்சும் வட்டியை மாதம் 70 டொலராகத் தனியே சேர்த்து, அதனுடன் இயன்றதையும் போட்டு வாருங்கள். மத்திய அரசின் 40,000 டொலர் வரையான வட்டியில்லாக் கடன் 2025 அக்டோபருடன் புதிய விண்ணப்பங்களுக்கு மூடப்பட்டுவிட்டது. ஒன்ராறியோவில் 2025 ஜனவரியில் தொடங்கிய வீட்டுப் புதுப்பிப்புச் சேமிப்புத் திட்டம், செலவில் 30 சதவீதம் வரை திருப்பித் தருவதாக அறிவிக்கப்பட்டது. வேலை தொடங்குவதற்கு முன்பே அதன் இன்றைய விதிகளையும், வீட்டு எரிசக்தி மதிப்பீடு முதலில் தேவையா என்பதையும் கேட்டு உறுதி செய்யுங்கள், ஏனெனில் முடித்துவிட்டுக் கேட்டால் கிடைக்காமல் போகலாம். முழு 30 சதவீதமும் கிடைத்தால் உங்கள் செலவு 2,240 டொலர், அது எரிவாயுவில் மட்டும் திரும்பிவர 20 ஆண்டு. நீண்ட காலம்தான். ஆயினும் மேல்மாடி அறைகள் குளிரிலும் கோடையிலும் இதமாகும், கூரை ஓரத்தில் பனிக்கட்டி அணைபோல் தேங்கி நீர் உள்ளே இறங்கும் ஆபத்தும் குறையும்; பத்து ஆண்டுக்கு மேல் அதே வீட்டில் இருக்கப்போகிறீர்கள் என்றால் செய்யுங்கள் என்பதே என் கருத்து.

அப்போது மூன்று நிறுவனங்களிடமாவது விலை கேளுங்கள். அங்குலக் கணக்கை மட்டும் எழுதித் தரும் விலைப்பத்திரத்தை ஏற்காதீர்கள், ஏனெனில் காற்றால் ஊதி நிரப்பும் பஞ்சு நாளடைவில் அமுங்கிவிடும். எத்தனை மூட்டை, எந்த ஆர் பெறுமதி, ஓட்டை அடைக்கும் வேலை உட்பட்டதா, கூரை ஓரத்துக் காற்றுவழிகள் மூடப்படாதிருக்கத் தடுப்புகள் எத்தனை வைப்பார்கள் என்பவை எழுத்தில் இருக்க வேண்டும்.

சனிக்கிழமைக்குள் ஏதோ ஒரு காரணத்தால் ஏற்கெனவே கையெழுத்திட்டிருந்தால் கலங்க வேண்டாம். ஒன்ராறியோ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வீட்டில் வைத்துச் செய்த 50 டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தை, அதன் எழுத்துப் பிரதி கையில் கிடைத்த 10 நாள்களுக்குள் காரணம் எதுவும் கூறாமல் இரத்துச் செய்யலாம். தொலைபேசியில் சொல்லிவிட்டு இருந்துவிடாமல், மின்னஞ்சலிலோ பதிவுத் தபாலிலோ எழுதி, பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.